ஹாப்கின்ஸை வாங்கியது சரிதானா? என்எஃப்எல் பிளஸ் பிரீமியத்தில் பார்த்த பதில்

சீசன் பாதியில் வயதான ரிசீவரை, அதாவது எறியும் பந்தை ஓடிப் பிடிக்கும் வீரரை, வேறு அணியிடமிருந்து வாங்கலாமா, கூடாதா? அமெரிக்க ஃபுட்பால் ரசிகர்களிடையே அக்டோபர் வந்தாலே இந்தச் சண்டைதான். நேரடி ஒளிபரப்பை மட்டும் பார்த்து இதற்குப் பதில் சொல்ல முடியாது. கேமரா பந்தின் பின்னாலேயே போகும். பாஸ் வராத ரிசீவர் அந்த நேரம் என்ன செய்தார் என்பது திரையிலேயே இருக்காது.

அமெரிக்க ஃபுட்பால் லீக்கான என்எஃப்எல்லின் கட்டண ஸ்ட்ரீமிங் சேவை என்எஃப்எல் பிளஸ் பிரீமியம். அதற்கு நான் பணம் கட்டுவதே அதில் உள்ள ‘ஆல்-22’ பதிவுக்காகத்தான். பயிற்சியாளர்கள் பார்ப்பது போன்ற பதிவு அது. உயரத்திலிருந்து 22 பேரும் தெரிவார்கள். பக்கவாட்டில் ஒரு கோணம், எண்ட் ஸோன் (மைதானத்தின் கடைசிப் பகுதி) பின்னாலிருந்து இன்னொன்று. வர்ணனை கிடையாது, அது ஒரு பெரிய நிம்மதி.

2024-இல் கன்சாஸ் சிட்டி சீஃப்ஸை எடுத்துக்கொள்ளுங்கள். அவர்களின் ரிசீவர்களில் ரஷீ ரைஸுக்கு முழங்காலில் அடி, ஹாலிவுட் பிரவுனுக்குத் தோள்பட்டையில் அடி. அக்டோபர் கடைசியில் டென்னசி டைட்டன்ஸிடமிருந்து 32 வயது ரிசீவர் டிஆண்ட்ரே ஹாப்கின்ஸை வாங்கினார்கள். கொடுத்தது நிபந்தனையோடு ஒரு ஐந்தாம் சுற்று டிராஃப்ட் பிக், அதாவது புது வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில் ஒரு வாய்ப்பு. வந்த சில நாளில் ரெய்டர்ஸுக்கு எதிராக ஆடி 2 கேட்ச், 29 யார்டு. இதற்கா வாங்கினார்கள் என்று தோன்றும். அடுத்த வாரம் டாம்பா பே பக்கனீர்ஸுக்கு எதிராக 8 கேட்ச், 86 யார்டு, 2 டச் டவுன் (பந்தை எண்ட் ஸோனுக்குள் கொண்டுபோய் எடுக்கும் புள்ளிகள்).

ஹாப்கின்ஸுக்கு அப்போதே பழைய வேகம் இல்லை. ஆனால் ஆல்-22-இல் அவர் கால்களை மட்டும் பாருங்கள். ஸோன் டிஃபென்ஸில் (தடுப்பவர்கள் ஆளுக்கு ஒரு பகுதியைக் காக்கும் முறை) இரண்டு பேருக்கு நடுவே இடைவெளி வந்ததும் ஓட்டத்தைக் குறைத்து, உடம்பைத் திருப்பி, பந்தை எறியும் சீஃப்ஸின் குவாட்டர்பேக் மஹோம்ஸ் கண்ணுக்கு நேராக நிற்பார். இளம் ரிசீவர்கள் பலர் அந்த இடத்தைத் தாண்டி ஓடிவிடுவார்கள். அணி வாங்கியது இந்த அனுபவத்தைத்தான். ஐந்தாம் சுற்று பிக்குக்கு இது நல்ல பேரம் என்பேன்.

அதே அக்டோபரில் நியூயார்க் ஜெட்ஸ் ரிசீவர் டவாண்டே ஆடம்ஸை வாங்கியது வேறு கதை. மூன்றாம் சுற்று பிக் போனது. ஆடம்ஸ் 11 ஆட்டத்தில் 854 யார்டு எடுத்தார், குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் வாங்கும்போதே 2 வெற்றி, 4 தோல்வி என்று இருந்த அணி 5 வெற்றி, 12 தோல்வியில் முடித்தது. அந்த அணிக்குத் தேவைப்பட்டது ரிசீவர் மட்டுமல்ல.

சீஃப்ஸ் ஆடிய அந்த சீசனின் இறுதிப் போட்டியான சூப்பர் பவுலையும் இதே பதிவில் பார்க்க வேண்டும். பிலடெல்ஃபியா ஈகிள்ஸ் நான்கு பேரை மட்டும் முன்னால் அனுப்பியே மஹோம்ஸை நெருக்கியது. மொத்தம் 6 சாக், அதாவது பந்தை எறியும் முன்பே அவரை வீழ்த்தியது ஆறு முறை. பந்தை எறியவே நேரமில்லாதபோது ரிசீவர் யாராக இருந்தால் என்ன? ஹாப்கின்ஸ் ஒரு டச் டவுன் பிடித்தார், ஆனால் அதற்குள் ஆட்டம் கைவிட்டுப் போயிருந்தது. ஈகிள்ஸ் 40-22 என்று வென்றது.

சரி, இந்தச் சேவையை வாங்கலாமா? 2024 சீசனில் மாதம் 14.99 டாலர், வருடத்துக்கு 99.99. ரெட்ஸோன் சானலும் (ஆட்டங்களின் முக்கியக் கட்டங்களை மாறி மாறிக் காட்டுவது), முழு ஆட்டங்களின் பதிவும், சுருக்கிய பதிவும் இதில் அடக்கம். உள்ளூர் ஆட்டங்களையும் இரவு நேரப் பெரிய ஆட்டங்களையும் நேரடியாக ஃபோனிலோ டேப்லட்டிலோதான் பார்க்கலாம், டிவியில் முடியாது. நேரடி ஆட்டத்துக்காக மட்டும் என்றால் வேண்டாம். ஆல்-22 உங்களுக்குப் பிடிக்கும் என்றால், ட்ரேட் (அணிகளுக்கிடையே வீரர் பரிமாற்றம்) நடக்கும் அக்டோபரிலும் நவம்பரிலும் மட்டும் மாதக் கட்டணத்தில் எடுத்துப் பாருங்கள்.