74ஹெச்சி14 என்று வேறு ஐசியைத் தலையில் கட்டினார்கள், 4,350 ரூபாய் போச்சு

கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். காட்பாடியில் வீட்டு மாடியில் டிஜிட்டல் கடிகாரம் செய்கிறேன். ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனிக்கு 40 கடிகாரம் ஆர்டர், கரண்ட்டின் 50 ஹெர்ட்ஸையே (செகண்டுக்கு 50 அலை) எண்ணி ஓடும் வகை. டிரான்ஸ்பார்மரில் இருந்து வரும் அலை மெதுவாக ஏறி மெதுவாக இறங்கும், கூடவே மோட்டார் இரைச்சலும் ஏறி வரும், அதைச் சாதாரண இன்வெர்ட்டர் ஐசிக்குக் (சிக்னலைத் தலைகீழாக்கித் தரும் சிப், வீட்டு பேட்டரி இன்வெர்ட்டர் இல்லை) கொடுத்தால் ஒரே அலையை இரண்டு மூன்றாக எண்ணித் தொலைக்கும். அதற்குத்தான் ஹிஸ்டரிசிஸ் உள்ள, அதாவது ஏறும்போது ஒரு வோல்ட்டிலும் இறங்கும்போது அதைவிடக் குறைந்த வோல்ட்டிலும் மாறும் 74ஹெச்சி14 இன்வெர்ட்டர்.

உதிரிபாகம் விற்கும் ஒரு ஆன்லைன் கடை. ஒன்று 29 ரூபாய், 150 ஐசி, 4,350 ரூபாய். முதலில் பத்து மட்டும் வாங்கிப் பார்க்கலாம் என்றுதான் இருந்தேன். போன் எடுத்தவர், "சார், எனக்கும் ஆற்காடுதான், நம்ம ஊர்க்காரரை ஏமாத்துவேனா, ஒரிஜினல் சரக்கு சார்" என்றார். அந்தப் பேச்சில் விழுந்துவிட்டேன்.

நேற்றுக் காலை வீட்டில் சட்னிக்கு மிக்ஸி போட்டார்கள். மேஜையில் இருந்த கடிகாரம் ஒரே நிமிடத்தில் 9 செகண்ட் முன்னால் ஓடிவிட்டது! 5 வோல்ட் கொடுத்து, ஒரு பாட் (திருகினால் வோல்ட்டை ஏற்றி இறக்கும் ரெசிஸ்டர்) வைத்து இன்புட்டை மெல்ல ஏற்றி இறக்கினேன். என்னிடம் இருந்த பழைய நல்ல ஐசி ஏறும்போது 2.6 வோல்ட் பக்கம் மாறியது, இறங்கும்போது 1.6 பக்கம். இவர்கள் அனுப்பியது ஏறினாலும் இறங்கினாலும் அதே 2.5இல் தள்ளாடுகிறது. வெறும் 74ஹெச்சி04, ஹிஸ்டரிசிஸ் இல்லாத சாதாரண இன்வெர்ட்டர். இரண்டுக்கும் கால் வரிசை ஒன்றே, போர்டில் அப்படியே உட்காரும். பஞ்சில் தின்னர் நனைத்துத் தேய்த்தால் எழுத்து கறுப்பாகக் கையோடு வருகிறது, அடியில் சுரண்டிய கோடு.

கேட்டால் "உங்க போர்டு டிசைன் தப்பு சார்". வீடியோ கேட்டார்கள், அனுப்பினேன். "ரிட்டர்ன் ஏழு நாள்தான், முடிஞ்சுபோச்சு". அப்புறம் வாட்ஸ்அப்பில் நீல டிக் மட்டும். ஆற்காட்டுக்காரர் போனே எடுப்பதில்லை. 4,350 ரூபாய்!

வாங்குகிறவர்கள் முதலில் ஐந்தே வாங்குங்கள், பாட் வைத்துப் பாருங்கள், சாக்கெட் போடுங்கள். 50 ஹெர்ட்ஸ், பட்டன், ரீசெட் மாதிரி மெதுவாக வரும் எதற்கும் 14 வேண்டும். கிரிஸ்டல் ஆசிலேட்டருக்கு மட்டும் அதைப் போடாதீர்கள், அங்கே 74ஹெச்சியூ04, உள்ளே பஃபர் (சிக்னலை மேலும் பெருக்கும் பகுதி) இல்லாத 04 வகை. மீதியை அப்புறம் எழுதுகிறேன், 40 போர்டிலும் ஐசியைப் பிடுங்க வேண்டும்.