நார்கன் மூக்குத் தெளிப்பான்: ஒரு மதிப்பீடு

ஓபியாய்டு (ஹெராயின், மார்ஃபின் போன்ற அபினி வகை மருந்து) மிகையளவால் மூச்சு ஒடுங்கியவரை மீட்கும் நாலாக்சோன் மருந்தை 4 மில்லிகிராம் அளவில் கொண்ட நார்கன் தெளிப்பானுக்கு, மருத்துவர் சீட்டின்றி விற்க அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2023 மார்ச்சில் ஒப்புதல் அளித்தது. ஊசியோ, பாகங்களைப் பொருத்தும் வேலையோ இல்லை. நாசித்துளையில் நுழைத்து அடிப்பகுதியை அழுத்தினால் போதும். ஒரு கருவி ஒரே முறைதான் தெளிக்கும் என்பதால், வேலை செய்கிறதா என்று முன்கூட்டி அழுத்திப் பார்த்தால் மருந்து வீணாகிவிடும். இரண்டு, மூன்று நிமிடங்களில் மூச்சு சீராகாவிட்டால், பெட்டியிலுள்ள இரண்டாவதை மறு நாசியில் பயன்படுத்த வேண்டும்.

இதைவிட வீரியமான 8 மில்லிகிராம் நாலாக்சோன் தெளிப்பானைத் தேடி அலையத் தேவையில்லை என்பது என் கருத்து. நியூயார்க் மாநிலக் காவலர்கள் 4, 8 மில்லிகிராம் தெளிப்பான்களைப் பயன்படுத்திய நிகழ்வுகளை ஒப்பிட்டு 2024இல் வெளியான ஆய்வில், பிழைத்தோர் விகிதத்தில் வேறுபாடு இல்லை. போதைப்பொருளின் விளைவு திடீரென நீங்குவதால் வரும் வாந்தி உள்ளிட்ட விலகல் அறிகுறிகளோ 8 மில்லிகிராமில் ஏறக்குறைய இருமடங்கு.

2023இல் சீட்டின்றி விற்பனைக்கு வந்தபோது இரண்டு கருவிகளுக்கு இருந்த 45 டாலர் என்ற விலை, இது மிகவும் தேவைப்படுவோருக்குச் சுமையே. பல ஊர்களில் பொதுச் சுகாதாரத் துறைகள் இலவசமாகத் தருவது ஆறுதல். மருந்தின் வீரியம் 30 முதல் 90 நிமிடங்களில் குறைந்து, மூச்சுத்திணறல் திரும்பக்கூடும் என்பதால் அமெரிக்க அவசர உதவி எண்ணான 911ஐ அழைப்பது கட்டாயம். மேலும், இது அடிமைத்தனத்துக்குச் சிகிச்சையன்று. மருத்துவமனை அவசரப் பிரிவிலேயே, ஓபியாய்டு அடிமைத்தனத்துக்கான மருந்தான பியூப்ரெனார்ஃபின் தொடங்கப்பட்டவர்களில் 78 விழுக்காட்டினர் 30ஆம் நாளிலும் சிகிச்சையில் இருந்ததாகவும், வேறிடத்தில் சிகிச்சை பெறும்படி வெறும் பரிந்துரை மட்டும் பெற்றவர்களில் 37 விழுக்காட்டினரே இருந்ததாகவும் யேல் பல்கலைக்கழக ஆய்வு 2015இல் காட்டியது.