கேட்காமலேயே கூப்பிட்டுச் சொன்ன ஆடிட்டர் ஆபீஸ்

திருப்பூரில் நான் வருமான வரி ரிட்டர்ன் போடும் ஆபீஸ் சின்னது. ஒரு ஆடிட்டர் மேடம், உதவிக்கு இரண்டு பேர், அவ்வளவுதான். 2025 ஜனவரியில் அவர்களே போன் செய்து, "சார், உங்க 87ஏ ரிபேட்டைக் கேட்க இப்ப வழி திறந்திருக்கு, ரிவைஸ் பண்ணிடலாமா?" என்று கேட்டார்கள். 87ஏ ரிபேட் என்பது குறிப்பிட்ட அளவு வரை வருமானம் உள்ளவர்களுக்கு வரியில் கிடைக்கும் தள்ளுபடி; ரிவைஸ் என்பது ஏற்கெனவே போட்ட ரிட்டர்னைத் திருத்திப் போடுவது. கேட்காமலேயே சொன்னார்களே, அதற்காகவே இதை எழுதுகிறேன்.

2023-24இல் நிலைக்கழிவு (ஸ்டாண்டர்ட் டிடக்ஷன்) போக என் சம்பளம் 5,80,000. ஒரு வருடத்துக்குள் விற்ற பங்குகளில் லாபம் 40,000. அந்த வருடம் புதிய வரிமுறையில் மொத்த வருமானம் 7 லட்சத்தைத் தாண்டாவிட்டால் 25,000 வரை இந்த வரி தள்ளுபடி இருந்தது. ஆனால் 2024 ஜூலை 5க்குப் பிறகு தாக்கல் செய்தவர்களுக்குப் இந்தக் குறுகியகாலப் பங்கு லாபத்தின் மீது அப்போதிருந்த 15 சதவீத வரியில் அந்தத் தள்ளுபடி விழவில்லை. எனக்கு 6,000 வரியும் அதன் மேல் போடும் செஸ்ஸும் சேர்த்து 6,240 ரூபாய் போனது. இதை எதிர்த்து மும்பை உயர் நீதிமன்றத்தில் பொதுநல வழக்குப் போட்டு, 2024 டிசம்பரில் இடைக்கால உத்தரவு வந்த பிறகுதான் திருத்திக் கேட்கும் அவகாசம் 2025 ஜனவரி 15 வரை நீண்டது.

மேடம் முதலில் கேட்டது புரோக்கர் ஸ்டேட்மென்ட். ஒவ்வொரு பங்கும் வாங்கிய தேதி, விற்ற தேதி என்று பேனாவால் டிக் போட்டுக்கொண்டே போனார். ஒரு வருடத்துக்கு மேல் வைத்திருந்து விற்ற பங்குகளின் லாபம் (112ஏ பிரிவு நீண்டகால லாபம்) கலந்திருந்தால் அதற்குச் சட்டப்படியே தள்ளுபடி கிடையாதாம். அப்புறம் ஐடிஆர்-2 என்ற ரிட்டர்ன் படிவத்தின் எக்செலில் ரிபேட் கட்டத்தில் சம்பள வரிக்கு மட்டும் இருந்த 14,000ஐ அழித்துவிட்டு, பங்கு லாப வரி 6,000ஐயும் சேர்த்துக் கையால் 20,000 என்று அடித்தார். கீழே வரி பூஜ்யம் ஆனது. பழைய ரிட்டர்னின் ஒப்புகை எண்ணைப் போட்டு, திருத்திய ரிட்டர்னுக்கான 139(5) பிரிவில் ஏற்றி, ஆதார் ஓடிபியும் அங்கேயே முடித்தாயிற்று.

"பணம் வந்துடும்னு நான் வாக்குக் கொடுக்க மாட்டேன் சார். ரிட்டர்னைச் சரிபார்க்கிற பெங்களூர் சிபிசி ஆபீஸ் ஒத்துக்கலைன்னா நோட்டீஸ் வரும், அதுக்குப் பதில் நான் போட்டுத் தர்றேன்" என்றார். எனக்கு மிகவும் பிடித்தது இந்தப் பேச்சுதான். ரீஃபண்டில் பங்கு கேட்கிறவர்களும் இருக்கிறார்கள். இவர் வாங்கியது 500 ரூபாய், ரசீதோடு.

குறை என்றால், ஜூலை மாதம் போனை எடுக்கவே மாட்டார்கள். உட்கார நாற்காலியும் போதாது. சம்பளமும் கொஞ்சம் பங்கு விற்பனையும் உள்ளவர்கள் தாராளமாகப் போகலாம். ரிட்டர்னைத் திருத்தப் போகிறவர்கள் பழைய ஒப்புகைச் சீட்டையும் புரோக்கர் கணக்கையும் கையோடு எடுத்துப் போங்கள், ஒரே தடவையில் வேலை முடிந்துவிடும்.