உறையும் மண்ணில் அஸ்திவாரம்: ஆழத் தோண்டுவதா, வெப்பக் காப்புப் பலகை பதிப்பதா?

டொரன்டோவில் வீடு கட்டும்போது அஸ்திவாரத்தின் அடிமட்டத்தைத் தரையிலிருந்து சுமார் 1.2 மீட்டர் ஆழத்துக்குக் கொண்டுபோவது வழக்கம். அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில், தெற்குப் பகுதிக்கு 42 அங்குலமும் வடக்குப் பகுதிக்கு 60 அங்குலமும் குறைந்தபட்ச ஆழம் என்று கட்டட விதி சொல்கிறது. நார்வே, ஸ்வீடன், பின்லாந்து ஆகிய நாடுகளிலோ, குளிர்காலம் இதற்குச் சற்றும் இளைத்ததாக இல்லாதபோதும், அரை மீட்டர்கூடத் தோண்டாமல் கட்டப்பட்ட வீடுகள் பத்து லட்சத்துக்கும் மேல் இருக்கின்றன. இரண்டு வழிகளுமே காலத்தால் சோதிக்கப்பட்டவை. எந்தக் கட்டடத்துக்கு எது பொருந்தும் என்பதைத்தான் ஆராய வேண்டியிருக்கிறது.

அதற்கு முன், உறையும்போது நிலம் ஏன் மேலெழும்பிக் கட்டடத்தைத் தூக்குகிறது என்பதைப் புரிந்துகொள்வது அவசியம். தண்ணீர் உறையும்போது 9 விழுக்காடு விரிகிறது, அதனால் மண் உப்புகிறது என்று பலரும் நினைக்கிறார்கள். அது மிகச் சிறிய பங்கு மட்டுமே. ஸ்டீஃபன் டேபர் என்ற அமெரிக்க நிலவியலாளர், உறையும்போது சுருங்கும் தன்மை கொண்ட பென்சீனை மண்ணில் நிரப்பி உறையவைத்து, அப்போதும் மண் மேலெழுவதைக் காட்டினார். அவருடைய ஆய்வுகள் 1929, 1930 ஆண்டுகளில் வெளிவந்தன. குளிர் மேலிருந்து இறங்கி நிற்கும் மட்டத்தை நோக்கி, கீழே உறையாமல் இருக்கும் ஈரம், விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவது போல நுண்துளைகள் வழியே ஏறி வந்து, அங்கே பனிக்கட்டியாகச் சேர்ந்துகொண்டே போகிறது. அப்படி உறைந்த வண்டல் மண்ணை வெட்டிப் பார்த்தால், தரைக்கு இணையாக, மயிரிழை அளவிலிருந்து விரற்கடை அளவு வரை தடித்த தெளிவான பனி ஏடுகள் மண் அடுக்குகளுக்கு இடையில் கிடப்பதைக் காணலாம். அந்த ஏடுகளின் மொத்தத் தடிமன் எவ்வளவோ, ஏறக்குறைய அவ்வளவுக்கு நிலம் உயர்ந்திருக்கும்.

ஆகவே தீங்கு நேர மூன்றும் ஒருசேர இருக்க வேண்டும்: உறைநிலைக்குக் கீழான வெப்பநிலை, ஈரத்தை உறிஞ்சி மேலேற்றும் நுண்மண், தொடர்ந்து கிடைக்கும் நீர். இவற்றில் மிகக் கெட்டது வண்டல் மண். அதன் துளைகள் நீரை உறிஞ்சும் அளவுக்குச் சிறியவை. நீர் விரைந்து நகரும் அளவுக்குப் பெரியவை. சுத்தமான ஜல்லியிலும் பருமணலிலும் இந்த உறிஞ்சல் கிடையாது. பல அளவுத் துகள்கள் கலந்த மண்ணில் 0.02 மில்லிமீட்டரைவிடச் சிறிய துகள்கள் எடையில் 3 விழுக்காட்டைத் தாண்டினால் எச்சரிக்கையாக இருக்க வேண்டும் என்று 1931இல் ஆர்தர் காசகிராண்டே வகுத்த அளவுகோல் இன்றும் பொறியாளர்களின் கையில் இருக்கிறது. இனி வரும் முறைகள் ஒவ்வொன்றும் இந்த மூன்றில் ஏதோ ஒன்றை அறுப்பவையே.

ஆழ அஸ்திவாரம், குளிர் எட்டாத இடத்தில் கட்டடத்தின் பாரத்தை இறக்கிவைக்கிறது. பேஸ்மென்ட், அதாவது தரைக்குக் கீழே ஒரு தளம், வேண்டும் என்பவருக்கு இதில் கூடுதல் செலவே இல்லை. எப்படியும் 2 மீட்டருக்கு மேல் தோண்டத்தான் போகிறார். வீடு சூடாக இருக்கிறதா, காலியாகக் கிடக்கிறதா என்பதை நம்பாமல் நிற்பதும் இதன் பெரிய பலம். ஆனால் ஆழமே முழுக்காப்பு என்று எண்ணிவிடக் கூடாது. சுவரை ஒட்டியுள்ள ஈரமண் கான்கிரீட்டோடு சேர்ந்து உறைந்து, மேலெழும்போது சுவரையும் பற்றி இழுக்கிறது. கனமான வீட்டை அதனால் எளிதில் அசைக்க முடியாது. பின்புற மரத்தளத்தைத் தாங்கும் தூண், வேலிக்கால், முன்வாசல் படிக்கட்டு போன்ற இலகுவான அமைப்புகளையோ ஒவ்வொரு குளிர்காலத்திலும் சிறிது சிறிதாகப் பிடுங்கிவிடும். தூணின் அடிப்பகுதியை அகலமாக வார்ப்பதும், பக்கங்களை வழவழப்பாக வைத்து ஜல்லியால் நிரப்புவதும் இதற்கான மாற்று.

இன்னொரு ஆபத்து கட்டுமானக் காலத்திலேயே இருக்கிறது. இதை நான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். இலையுதிர் காலத்தில் பேஸ்மென்ட் சுவர்களை எழுப்பிவிட்டு, கூரையோ வெப்பமூட்டலோ இல்லாமல் குளிர்காலம் முழுவதும் விட்டுவிட்டால், வெளிப்புறத் தரையிலிருந்து பார்க்கையில் ஆழத்தில் இருக்கும் அடிமட்டம், உட்புறப் பள்ளத்திலிருந்து பார்க்கையில் சில அங்குல ஆழத்தில்தான் இருக்கிறது. குளிர் உள்ளிருந்து இறங்கி அதன் அடியைத் தொட்டுவிடும். அப்படித் தூக்கப்பட்ட சுவர் வசந்தத்தில் பனி உருகும்போது பழைய இடத்துக்கு ஒழுங்காகத் திரும்புவதில்லை. ஒப்பந்தக்காரர் வேலையை இடையில் நிறுத்தினால் உட்தரையைக் காப்புப் போர்வையாலோ வைக்கோலாலோ மூடச் சொல்லி எழுதி வாங்கிக்கொள்வது நல்லது.

காப்பிட்ட ஆழமற்ற அஸ்திவாரம் நேர்மாறான வழியில் போகிறது. வீட்டிலிருந்து மண்ணுக்குள் கசியும் வெப்பத்தையும் பூமியின் சொந்த வெப்பத்தையும் பாலிஸ்டைரீன் நுரைப் பலகைகளால் தேக்கி, அஸ்திவாரத்தின் அடியில் மண் உறையாமல் பார்த்துக்கொள்கிறது. சுவரின் வெளிப்பக்கம் ஒரு பலகை நிமிர்ந்து நிற்கும். குளிர் மிகுந்த இடங்களில் இன்னொரு பலகை மண்ணுக்கடியில் சிறகு போல வெளிநோக்கி நீளும். வீட்டின் மூலைகளில் இரண்டு பக்கமிருந்தும் குளிர் தாக்குவதால் அங்கே சிறகு அகலமாக வேண்டும். அமெரிக்கக் குடியிருப்பு விதித்தொகுப்பின் அட்டவணையில் மிகக் குளிரான பிரிவுக்குச் சுவரோரம் 60 சென்டிமீட்டர் அகலமும், மூலையில் 90 சென்டிமீட்டர் அகலமும் கேட்கப்படுகின்றன. ஆழமோ 16 அங்குலம் போதும். அதே குளிருக்கு ஒன்றரை மீட்டர் தோண்டுவதோடு ஒப்பிட்டால் மண்வேலையிலும் கான்கிரீட்டிலும் மிச்சப்படுவது கண்கூடு. தரையோரக் குளிர்ச்சி குறைவதால் வெப்பமூட்டும் செலவும் இறங்குகிறது.

இந்த முறை கேட்கும் நிபந்தனை ஒன்றுதான், அதில் விட்டுக்கொடுப்பு இல்லை: வீட்டின் மாதச் சராசரி வெப்பநிலை 18 டிகிரி செல்சியஸுக்குக் குறையக் கூடாது. குளிர்காலத்தில் பூட்டிவிட்டு மாதக்கணக்கில் ஊருக்குப் போகிறவர் வெப்பமூட்டலை அணைத்துவிட்டுப் போனால் வடிவமைப்பின் அடிப்படையே கெட்டுப்போகும். பூச்செடிக்குக் குழி வெட்டும்போது சிறகுப் பலகையை உடைத்துவிடும் அபாயமும் உண்டு. கறையான் மிகுந்த பகுதிகளில் மண்ணுக்கடியில் பாலிஸ்டைரீன் பதிக்க விதிகளே தடை போடுகின்றன. பலகையின் தரமும் முக்கியம். பொட்டலம் கட்டும் சாதாரணத் தெர்மாகோல் நாளடைவில் ஈரம் ஏறிக் காப்புத்திறனை இழக்கும் என்பதால், மண்ணுக்கடியில் பதிக்கத் தகுதி பெற்ற பலகையைத்தான் வாங்க வேண்டும்.

மூன்றாவது வழி, கெட்ட மண்ணை அகற்றிவிட்டுச் சுத்தமான ஜல்லியை நிரப்பி, அடியில் துளைக்குழாய் பதித்து நீரை வடித்துவிடுவது. கட்டடக் கலைஞர் ஃபிராங்க் லாயிட் ரைட் ஜல்லி நிரப்பிய பள்ளங்களின் மேல் வீடுகளை எழுப்பியிருக்கிறார். குழாய்க்கு வெளியேற வழி இருக்கும் சரிவான நிலத்தில் இது அருமையாக வேலை செய்யும்; நிலத்தடி நீர் மேலே நிற்கும் தட்டையான மனையில் நான் இதைத் தனியாக நம்பமாட்டேன். ஆனால் மற்ற இரண்டு முறைகளுக்கும் இது துணையாக இருந்தே ஆக வேண்டும். கூரைத் தண்ணீர் சுவரோரம் கொட்டிக்கொண்டிருந்தால் எந்த அஸ்திவாரமும் நிம்மதியாக இருக்காது.

பேஸ்மென்ட் இல்லாத, ஆண்டு முழுவதும் ஆள் குடியிருக்கும் வீட்டுக்குக் காப்பிட்ட ஆழமற்ற அஸ்திவாரமே என் தேர்வு. கோடை விடுதி, பட்டறை, மரத்தளம் ஆகியவற்றுக்கு ஆழமான தூண்களோ, மண்ணுக்குள் திருகி இறக்கும் கம்பங்களோ ஏற்றவை. சைபீரியாவிலும் அலாஸ்காவிலும் உள்ள நிரந்தர உறைநிலத்தை இந்தக் கணக்கில் சேர்க்க முடியாது. அங்கே கட்டடத்தின் வெப்பம் நிலத்தை உருக்கிவிடாமல் காப்பதே வேலை.

கவனமாகப் பார்க்க வேண்டிய இடம், சூடான வீட்டோடு ஒட்டிக் கட்டப்படும் சூடில்லாத கார் நிறுத்தம். வீட்டுப் பக்கம் மண் உறையாது. கார் நிறுத்தத்தின் பக்கம் உறையும். விரிசல் இரண்டும் சேரும் கோட்டில் விழும். அங்கே கார் நிறுத்தத்தின் சுவர்களை உறையும் ஆழத்துக்குக் கீழே இறக்கலாம். அல்லது, அதன் முழுப் பரப்புக்கும் அடியில் ஜல்லிப் படுகை அமைத்து, அதன் மேல் காப்புப் பலகையைச் சுவருக்கு வெளியேயும் நீளும்படி விரிக்கலாம். வீட்டுக்குப் போட்ட அதே ஆழமற்ற வடிவத்தைக் கார் நிறுத்தத்துக்கும் அப்படியே நீட்டிப் போட வரைபடத்தில் காட்டியிருந்தால், ஒப்புதல் தருவதற்கு முன் பொறியாளரிடம் அதைத் திருத்தச் சொல்ல வேண்டும்.