வாசல் நிழலுக்குப் புங்கனா, வேம்பா? துளிர்க்கும் நாள்தான் கணக்கு

டெல்டாவில் மாசி வந்தால் புங்கன், வேம்பு, இலுப்பை மூன்றும் இலை கொட்டும். நிழல் எப்போது திரும்புகிறது என்பதில்தான் வேறுபாடு.

இலுப்பையை முதலிலேயே கழித்துவிடலாம். மொட்டைக் கிளையில் பூத்து, அதன் பிறகுதான் செம்புநிறத் தளிர் விடும். கோயில் தோப்புக்குச் சரி, திண்ணைக்கு உதவாது. பூவரசு வருஷம் முழுக்கப் பச்சை. போத்து (வெட்டிய கிளை) நட்டாலே பிழைக்கும், வேதாரண்யம் பக்கத்து உப்பு மண்ணையும் தாங்கும். கம்பளிப்பூச்சியைப் பொறுத்துக்கொள்பவர்கள் வைக்கலாம்.

வேம்பு பங்குனியில் துளிர்க்கும், ஆனால் இலை ஒல்லி. சித்திரைப் பச்சடிக்குப் பூ கிடைக்கும் நாளில்கூட அடியில் வெயில் பொட்டுப்பொட்டாக விழும். அதோடு தண்ணீர் தேங்கும் களிமண் அதற்கு ஆகாது, வேர் அழுகும். மேட்டுக்கொல்லை, மணற்பாங்கான படுகை என்றால் தாராளமாக வைக்கலாம்.

புங்கன் ஆற்றங்கரை மரம். ஐப்பசி, கார்த்திகையில் நீர் நின்றாலும் தாங்கும். மொட்டையாக நிற்பது சுமார் இரண்டு வாரம். அகலச் சிற்றிலைகள் ஒரே மூச்சில் விரிவதால் கத்திரிக்கு முன்பே பந்தல் மூடிவிடும். குறையும் உண்டு: சித்திரையில் பூ கொட்டி வாசலை நாளுக்கு இரண்டு தடவை கூட்டவைக்கும். இளம் இலையில் விரல்போல முண்டுகள் எழும்பும். சிலந்திப்பேன் செய்யும் வேலை அது, மரத்துக்குப் பெரிய கேடில்லை.

ஒரே தெருவில் இரண்டு புங்கன் ஒரே நாளில் துளிர்ப்பதில்லை. வாய்க்கால் ஈரம் ஒரு காரணம், மரத்தின் பிறவிக் குணம் இன்னொன்று. அதனால் விதை எடுக்கும் மரத்தை மாசிக் கடைசியில் போய்ப் பார்த்து, முந்தித் தழைத்ததற்குச் சுண்ணாம்புப் பொட்டு வையுங்கள். காய் முற்றும்போது எல்லா மரமும் ஒன்றுபோலத்தான் இருக்கும். விதைக்கன்று தாயைப்போலவே வரும் என்று அடித்துச் சொல்ல முடியாது, ஒட்டுக்கன்றில் அந்தக் குணம் தங்கும். வேப்பவிதை இரண்டு மூன்று வாரத்தில் முளைப்புத்திறனை இழக்கும், புங்கவிதை மாதக்கணக்கில் தாங்கும்.

குழி இரண்டடிக்கு இரண்டடி, ஆழமும் இரண்டடி. சுவரிலிருந்து 15 அடி தள்ளி, புரட்டாசியில் நடவு.

வயலுக்கு உரமாகத் தழை வெட்டுபவர்கள்தான் பெரும்பாலும் நிழலைத் தொலைக்கிறார்கள். குறுவை நெல்லுக்கென்று சித்திரையிலேயே மொட்டையடித்தால், கத்திரி முழுக்க வாசலில் வெயில்தான். வைகாசி பாதி கழியட்டும். அப்போதும் சில கிளைகளை மட்டும் வெட்டுங்கள். ஏக்கருக்கு இரண்டரை டன் தழை வேண்டும், வாசல் மரம் ஒன்று அதற்குக் காணாது. வரப்போரம் தனியாக நாலு கன்று வைத்துக்கொள்ளுங்கள்.