முதுகு மொட்டையான பெட்டைக்கு எது சரி: துணி உறையா, நகம் மழுக்குவதா, சேவலைப் பிரிப்பதா?

பிடரி, வாலுக்கு முந்திய முதுகு, இறக்கை சேரும் தோள் ஆகிய மூன்று இடங்களில் மட்டும் இறகு போயிருந்தால் அது சேவல் மிதித்ததால், அதாவது இணைசேர ஏறியதால் வந்தது. சேவல் அலகால் பிடரியைக் கவ்விக்கொண்டு, கால் நகங்களை முதுகில் ஊன்றித்தான் ஏறி நிற்கும். ஆசனவாயைச் சுற்றி இறகு கொட்டியிருந்தால் பேன் இருக்கிறதா, மற்ற கோழிகள் கொத்துகின்றனவா என்று பாருங்கள். நெஞ்சு மட்டும் மொட்டையானால் அது அடைக்கோழி தானே பிடுங்கிக்கொண்டது. இவற்றுக்குச் சேவலைக் குற்றம் சொல்லிப் பயனில்லை.

பலரும் முதலில் தேடுவது பெட்டையின் முதுகில் மாட்டும் துணி உறையைத்தான். பழைய ஜீன்ஸ் துணியை இரண்டு மடிப்பாகத் தைத்தாலே போதும். கழுத்தடியிலிருந்து வால் தொடங்கும் இடம்வரை அளந்து அந்த நீளத்துக்கு வெட்டவும். சிறுவிடை எனும் சிறிய நாட்டுக்கோழிப் பெட்டைக்கு ஒரு சாண் நீளத்துக்குச் சற்றுக் குறைவாக வரும். கழுத்துப்பக்க நடுவிலிருந்து இரு ஓரங்களுக்கும் 2 செ.மீ. அகல எலாஸ்டிக் வளையம் தைத்து, அதற்குள் இறக்கைகளை நுழைக்க வேண்டும். வளையத்துக்குள் இரண்டு விரல் தாராளமாகப் போக வேண்டும். இறுகினால் இறக்கையடியில் புண் வரும், தளர்ந்தால் கோதும்போது அலகோ காலோ சிக்கும். இருட்டிய பிறகு மாட்டிவிட்டு, மறுநாள் காலை நன்றாக நடக்கிறதா என்று கவனியுங்கள்.

உறை முதுகை உடனே காப்பாற்றும், முட்டையில் கருக்கூடுவதும் குறையாது. ஆனால் பிடரியை அது மறைக்காது. நம் ஊர் வெயிலில் துணிக்கடியில் வியர்க்காத பறவைக்கு வெக்கை சேரும். மண்குளியல் முதுகுக்கு எட்டாததால் பேன் பெருகும். மழையில் நனைந்த துணி தோலைப் புண்ணாக்கும். வாரம் ஒருமுறை கழற்றித் துவைத்துக் காயவைக்க முடியாதவர்கள் இதில் இறங்க வேண்டாம். தோல் கிழிந்த பெட்டைக்கு இதை மாட்டவே கூடாது. அதைத் தனியே பஞ்சாரத்தில் (கவிழ்த்து மூடும் கோழிக்கூடையில்) விட்டு, நீர்த்த போவிடோன் அயோடினால் கழுவி, ஈ மொய்க்காமல் ஆறவிட வேண்டும்.

சேவலின் நகத்தையும், காலின் பின்பக்கம் நீட்டியிருக்கும் முள்ளையும் மழுக்குவது செலவில்லாத வேலை. இரவில் சேவலைத் துண்டால் சுற்றிப் பிடித்து, நக நுனியில் 2 மி.மீ. மட்டும் வெட்டி அரத்தால் உருட்டுங்கள். கறுப்பு நகத்தில் ரத்த நாளம் தெரியாது, எனவே அரம் மட்டுமே. முள்ளின் உள்ளே எலும்பு இருப்பதால் கூர்முனையை மட்டும் தேய்க்க வேண்டும். மேலோட்டை முறுக்கிக் கழற்றும் பழக்கம் சில இடங்களில் உண்டு. அது உள்ளெலும்பை வெளியே தெரியவிட்டு ரத்தம் கொட்ட வைக்கும் கொடுமை, செய்யாதீர்கள். மழுக்கினால் விலாவில் ஆழமாகக் கிழிவது நிற்கும், இறகு தேய்வது நிற்காது. நகம் வளர வளர மறுபடியும் தேய்க்க வேண்டியிருக்கும்.

எண்ணிக்கையைச் சரிசெய்யலாமா? ஒரு சேவலுக்கு 8 முதல் 10 பெட்டை என்பது நல்ல கணக்கு. ஆனாலும் சேவலுக்கு ஓரிரு பெட்டைகள் மீது விருப்பம் அதிகம். எளிதில் குந்திக்கொடுக்கும் அவை பத்துப் பெட்டைக்கு நடுவிலும் மொட்டையாகும். குஞ்சு பெரிதாக வரட்டும் என்று 4 கிலோ பெருவிடை (பெரிய நாட்டுக்கோழி) சேவலை ஒன்றரைக் கிலோ கூட வராத சிறுவிடைப் பெட்டைகளோடு விடுவது இன்னும் மோசம். அந்த எடைக்கு எந்தக் கணக்கும் ஈடுகொடுக்காது.

எங்கள் தேர்வு, சேவலைப் பிரித்து வைத்து குறித்த நாட்களில் மட்டும் பெட்டைகளோடு விடுவது. பெட்டையின் கருப்பாதையில் விந்து உயிரோடு தங்கும் என்பதால், ஒருமுறை மிதித்த பின் இரண்டு வாரம் அளவுக்குக் கருவுள்ள முட்டை கிடைக்கும். எனவே தினமும் மிதிபட வேண்டிய தேவையே இல்லை. வாரம் இருமுறை, பிற்பகல் 3 மணிக்கு மேல் பொழுது சாயும்வரை விட்டால் போதும். பெரும்பாலான பெட்டைகள் அதற்குள் முட்டையிட்டு முடித்திருக்கும், அந்நேரச் சேர்க்கையில் கருக்கூடுவதும் அதிகம். இதிலும் ஒரு சிக்கல் உண்டு: பிரிந்திருந்த சேவல் திறந்ததும் வெறியோடு பாயும். கூண்டுக்குள் விடாமல் பெட்டைகள் ஓடி ஒதுங்க இடமுள்ள திறந்த வெளியில் விடுங்கள். மொட்டையான பெட்டையை அன்று பஞ்சாரத்தில் கவிழ்த்து வையுங்கள்.

முட்டை மட்டும் போதும் என்பவர்களுக்குச் சேவலே தேவையில்லை. கருவில்லாத முட்டை கோடையில் கூடுதல் நாள் தாங்கும். கருவுள்ள முட்டைக்குள்தான் வெயில் சூட்டில் கரு வளரத் தொடங்கிக் கெட்டுவிடும்.

எந்த வழியில் போனாலும் உடனே இறகு வராதது கண்டு மனம் தளர வேண்டாம். வேரோடு பிடுங்கப்பட்ட இறகு சில வாரங்களில் முளைக்கும். பாதியில் முறிந்ததன் காம்போ அடுத்த இறகு மாற்றம்வரை தோலிலேயே நிற்கும். அதைப் பிடுங்கினால் வலியும் ரத்தமும்தான் மிச்சம். புதுக்குருத்துக்குள் ரத்தம் ஓடுவதால் அந்நாட்களில் சேவல் கிட்டவே வரக்கூடாது. இறகு பெரும்பாலும் புரதம் என்பதால் உப்பு நீங்கக் கழுவிக் காயவைத்த கருவாட்டுத் தூளோ கறையானோ தீவனத்தோடு கொடுங்கள். கடலைப் பிண்ணாக்கில் மெத்தியோனின் என்ற புரதக்கூறு குறைவு, அதை மட்டும் நம்ப முடியாது. பூசணம் பிடித்திருந்தால் கொடுக்கவே கூடாது.