போர்ட்ஃபோலியோ வெப்சைட்: மூன்று வருஷ ஓட்டத்தில் நின்றதும் கழன்றதும்

தனியாக வெப் டிசைன் செய்பவர் தன் வேலைகளைக் காட்டும் போர்ட்ஃபோலியோ சைட்டுக்குள் காவிரி டெல்டாவில் முகப்புப் பக்கம் வழியாக வருபவர்கள் குறைவு. நாச்சியார்கோவில் விளக்குப் பட்டறைக்குச் செய்த வேலையின் லிங்க் வாட்ஸ்அப்பில் சுவாமிமலை சிற்பக்கூடத்துக்குப் போகும். அங்கிருந்து திருபுவனம் பட்டுக்கடைக்கு. கடைக்காரர் கண்ணில் முதலில் படுவது லிங்க்கோடு வரும் சின்ன முன்னோட்டப் பெட்டிதான். ஒரே சைட்டை மூன்று வருஷம் ஓட்டித் திருத்தியதில், அதிகப் பலன் கொடுத்தது அந்தப் பெட்டியைச் சரிசெய்ததுதான்.

வேலைப் பக்கம் ஒவ்வொன்றுக்கும் தனி ஓப்பன் கிராஃப் (முன்னோட்டப் பெட்டிக்காக ஹெச்டிஎம்எல்லில் எழுதும் டேக்) தலைப்பு, ஒரு வரி விவரம், 1200×630 அளவில் ஒரு படம் வேண்டும். படத்தின் முகவரியைப் பாதியாக எழுதாமல் ஹெச்டிடிபிஎஸ்ஸில் தொடங்கி முழுசாகக் கொடுங்கள். படம் 300 கேபிக்குள் இருக்கட்டும். சைட்டை ரியாக்ட் போன்ற ஜாவாஸ்கிரிப்ட் லைப்ரரியில் கட்டி, இந்த டேக்குகளை ஸ்கிரிப்ட் மூலம் பிறகு சேர்த்தால் பெட்டி வெறுமையாக வரும். முன்னோட்டம் எடுக்கும்போது ஸ்கிரிப்ட் ஓடாது, சர்வர் அனுப்பும் ஹெச்டிஎம்எல் மட்டுமே படிக்கப்படும். படத்தை மாற்றிய பிறகும் பழையதே வந்தால் லிங்க்கின் கடைசியில் கேள்விக்குறி போட்டு ஏதாவது ஒரு எண் சேர்த்து அனுப்புங்கள். வாட்ஸ்அப் அதைப் புது முகவரி என்று எடுத்துக்கொள்ளும்.

பக்க முகவரியைத் தமிழில் வைக்கும் ஆசை எல்லோருக்கும் வரும். தமிழ் யூனிகோடு குறி ஒவ்வொன்றும் யூடிஎஃப்-8 என்ற சேமிப்பு முறையில் 3 பைட். லிங்க்கை நகலெடுக்கும்போது ஒவ்வொரு பைட்டும் சதவீதக் குறியோடு 3 எழுத்தாகி, ஒரு குறி 9 எழுத்தாக விரியும். ‘கும்பகோணம்’ என்ற சொல்லில் 10 குறிகள், ஆக 90 எழுத்து. வாட்ஸ்அப்பில் அது சதவீதக் குறியும் எண்ணும் ஆங்கில எழுத்துமாக நாலைந்து வரிக்கு நீளும்; கடைக்காரர் வைரஸ் என்று நினைத்துத் தொடவே மாட்டார். முகவரி ஆங்கில எழுத்தில், தலைப்பு தமிழில் என்பதே ஒத்துவருகிறது. மாற்றும்போது பழைய முகவரிக்கு வருபவரைப் புதியதற்கு நிரந்தரமாகத் திருப்பும் 301 ரீடைரக்ட் போட மறக்கக் கூடாது.

படங்களில் கவனிக்க வேண்டிய இடம் பட்டும் பித்தளையும். வெப்பி (WebP) நல்ல பட வடிவம்தான். ஆனால் அதன் தர இழப்பு முறை நிறத் தகவலை 4:2:0 என்று கால்வாசியாகக் குறைக்கும். அரக்குச் சேலையில் ஜரிகைக் கரை தொடங்கும் இடத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள்: சிவப்பு ஜரிகைக்குள் கசிந்து, நெய்த கோடு மங்கி நிற்கும். தரத்தை 95க்கு ஏற்றினாலும் அது போகாது. அத்தகைய படங்களை மட்டும் நிறத் தகவலைக் குறைக்காத 4:4:4 அமைப்பில் ஏவிஐஎஃப் அல்லது ஜேபெக் ஆகச் சேமிக்கலாம். குத்துவிளக்கின் கறுப்புப் பின்னணி வேறு தொல்லை. தரம் 70க்குக் கீழே போனால் இருட்டில் கட்டம் கட்டமாகத் தெரியும்.

வேகத்துக்குக் கூகுளின் அளவுகோல் தெரிந்ததே: எல்சிபி (திரையின் பெரிய படமோ உரையோ தெரிய ஆகும் நேரம்) 2.5 நொடி, சிஎல்எஸ் (ஏறும்போது பக்கம் குதிக்கும் அளவு) 0.1, 2024 மார்ச்சில் எஃப்ஐடி என்ற பழைய அளவுக்குப் பதிலாக வந்த ஐஎன்பி (தொட்டதும் பக்கம் பதில் காட்ட ஆகும் நேரம்) 200 மில்லி நொடி. முதல் படத்துக்கு லேஸி லோடிங் (திரைக்கு அருகே வரும்போதுதான் படத்தை இறக்குவது) போடாதீர்கள். எல்லாப் படத்துக்கும் அகலமும் உயரமும் எழுதுங்கள். வருகை குறைவான போர்ட்ஃபோலியோவுக்குக் கூகுளின் பேஜ்ஸ்பீட் சோதனையில் உண்மைப் பயனர் கணக்கு பெரும்பாலும் வராது, ஆய்வக மதிப்பெண் மட்டும்தான். அதனால் பழைய ஆண்ட்ராய்டு போன் ஒன்றில் மொபைல் டேட்டா போட்டுப் பார்ப்பதே நம்பகமான சோதனை.

வாங்கிய ஆங்கில டெம்ப்ளேட்டில் தலைப்பின் வரி உயரம் 1.1 என்று இருக்கும். தமிழில் மேல்வரியின் ‘கூ’, ‘ழு’ கீழிறங்கி, அடுத்த வரியின் ‘கீ’ சுழியில் இடிக்கும். தலைப்புக்கு 1.4, உரைக்கு 1.7 வையுங்கள், எதிர்மறை எழுத்து இடைவெளியை எடுத்துவிடுங்கள். நோட்டோ சான்ஸ் தமிழ் எழுத்துருவில் இரண்டு தடிமன் போதும். ‘தொடர்புக்கு’ பட்டன் 360 பிக்ஸல் அகலத்தில் இரண்டு வரியாக உடைகிறதா என்றும் பாருங்கள்.

அச்சகத்திலிருந்து வரும் விவரங்கள் இன்னமும் பாமினி என்ற பழைய எழுத்துருவில்தான் வருகின்றன. யூனிகோடுக்கு மாற்றிய பிறகு ‘ஸ்ரீ’யைத் தனியாகச் சோதியுங்கள். ‘ஸ’வில் தொடங்கியும் ‘ஶ’வில் தொடங்கியும் எழுதலாம், பல எழுத்துருவில் பார்வைக்கு இரண்டும் ஒன்றே. தேடுபெட்டியில் ஒன்றைப் போட்டால் மற்றது சிக்காது. கடைப் பெயர்களில் பாதி ஸ்ரீயில் தொடங்கும் ஊர்களில் இது சின்ன விஷயமில்லை.

வேலைப் பக்கத்தில் என்ன எழுதுவது? நிறக் கோட்பாடு யாருக்கும் வேண்டாம். “விலையை நாமளே மாத்திக்கலாமா?”, “வருஷா வருஷம் எவ்வளவு கட்டணும்?” என்பதுதான் கேள்வி. எத்தனை பக்கம், எத்தனை நாள், போட்டோ யார் எடுத்தது, விலை மாற்றும் திரை எப்படி இருக்கும், டொமைன் ஹோஸ்டிங் புதுப்பிக்க ஆகும் தொகை தனியாக: இவற்றை எழுதுங்கள். போன் திரைப் படம் முதலில், கம்ப்யூட்டர் திரைப் படம் பிறகு.

தொடர்புப் படிவம் வைத்தால் அனுப்புநர் இடத்தில் பார்வையாளரின் ஜிமெயிலைப் போடாதீர்கள். அந்த டொமைன் பெயரில் அனுப்ப அனுமதி உள்ள சர்வர்தானா என்று பார்க்கும் எஸ்பிஎஃப் சோதனையில் தோற்று ஸ்பாமில் விழலாம். அனுப்புநர் உங்கள் டொமைன் முகவரி, பதில் முகவரியில் அவருடையது. வாட்ஸ்அப் பட்டனில் எண்ணை 91ல் தொடங்குங்கள்; கூட்டல் குறி, எண்ணுக்கு முன்னால் பூஜ்யம், இடைவெளி எதுவும் கூடாது.

இரண்டாம் வருஷத்துக்கு மேல் வரும் தொல்லை செத்த லிங்க். கிளையன்ட் டொமைனைப் புதுப்பிக்க மறப்பார், வேறு யாரோ வாங்கி அதில் சூதாட்டப் பக்கம் போடுவார்கள், உங்கள் போர்ட்ஃபோலியோ அங்கே வழிகாட்டிக்கொண்டிருக்கும். சைட் ஒப்படைக்கும் அன்றே முழுப் பக்கத் திரைப் படங்களை எடுத்து வையுங்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை எல்லா லிங்க்கையும் தொட்டுப் பாருங்கள். உடைந்தது இருந்தால் லிங்க்கை எடுத்துவிட்டு, படத்தையும் வேலை முடித்த வருஷத்தையும் மட்டும் விடுங்கள்.